கம்பி பிரசிடெண்ட்டின் பசு

போன வாரம் கால்நடை மருத்துவம் படிக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வந்திருந்தபோது, உங்களில் ஒருவர் கைப்பேசியில் ஒரு படம் காட்டினீர்கள். ஏதோ ஒரு வெளிநாட்டில், பெரிய கண்ணாடித் தொட்டிக்குள் வளர்க்கும் சுறாவுக்கு இதய நோய். மருத்துவர்கள் தண்ணீருக்குள் இறங்கி நின்று அதை மல்லாக்கப் புரட்டுகிறார்கள். புரட்டியதும் அது தானாகவே அசையாமல் கிடக்கிறது. ஸ்கேன் கருவியை மேலே வைத்ததும் பக்கத்துத் திரையில் இதயம் துடிப்பது தெரிகிறது. "மேடம், உங்க காலத்துல இதெல்லாம் உண்டா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் காபி போட எழுந்து போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமெல்லாம் இல்லை, அலுப்பு. அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்கிற அலுப்பு.

இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். நான் வேலை பார்த்தது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சேர்ந்த வறண்ட பக்கம். கண்மாயில் கெளுத்தி பிடிக்கவே தண்ணீர் இல்லாத ஊர்களில் சுறாவுக்கு எங்கே போவது? ஆனால் இதய நோய் இருந்தது. பசுக்களுக்கு இருந்தது. சுறாவைப் போலத்தான் அவையும், கடைசிக் கட்டம் வரும்வரை வெளியே காட்டிக்கொள்ளாது. எங்களிடம் திரை கிடையாது. காதும் கையும் ஒரு மூங்கில் கழியும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு நான் குணப்படுத்திய இதய நோய் என்று ஒன்றுகூட இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றமாக இருக்கக் கூடாது.

பணியில் சேர்ந்த புதிதில், எண்பதுகளின் தொடக்கத்தில், அருப்புக்கோட்டையில் எனக்கு மேலதிகாரியாக ஒருவர் இருந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். மாட்டின் பக்கமே போக மாட்டார். செம்பை வாங்கி, நின்றபடியே மெல்ல மெல்லக் குடிப்பார். மனிதருக்கு இவ்வளவு தாகமா என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். குடித்து முடிக்கும்வரை அவர் கண் மாட்டின் மேலேயே இருக்கும் என்பதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. கிட்டே போனால் மாடு மிரண்டு நிமிர்ந்து நின்றுகொள்ளும். எட்ட நின்றால் தன் வலிக்குத் தக்கபடி நிற்கும். அதோடு, வாயில் செம்பு இருக்கும்வரை வீட்டுக்காரர்கள் நம்மிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை. அவர் எனக்கு வகுப்பெடுத்துச் சொன்னது எதுவும் நினைவில் இல்லை. இந்தப் பழக்கம் மட்டும் எனக்கும் தொற்றிக்கொண்டது.

அதை நான் சரியாகப் பயன்படுத்தியது தொண்ணூறுகளின் பிற்பகுதியில். அப்போது திருச்சுழிப் பக்கத்துக் கால்நடை மருந்தகம் ஒன்றில் இருந்தேன். பஞ்சாயத்துத் தேர்தலில் பெண்களுக்கு இடம் ஒதுக்கியிருந்த சமயம். பக்கத்துக் கிராமம் ஒன்றில் பஞ்சவர்ணம் என்றொரு பெண் தலைவராக வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கரிசல் காட்டில் சொந்த வெள்ளாமை, ஒரு பசு, காளிமுத்து என்று அதிகம் பேசாத கணவர். ஊர் அவரைப் பிரசிடெண்டு என்று கூப்பிட்டது. எதிர்த்தரப்பில் தன் மனைவியை நிறுத்தித் தோற்ற பலசரக்குக் கடைக்காரர் மட்டும் "காளிமுத்து சம்சாரம்" என்பார்.

பஞ்சவர்ணம் பதவிக்கு வந்ததும் செய்த முதல் காரியம், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கிலிருந்து ஊர் வரைக்கும் தார் ரோடு. அதற்குமுன் பிரசவ வலி வந்த பெண்களை மாட்டு வண்டியில் போட்டுத்தான் விலக்குக்குக் கொண்டுபோவார்கள். ரோட்டுக்காக அந்தப் பெண் எத்தனை ஆபீஸ் படி ஏறியிருப்பார் என்று எனக்குத் தெரியும். திருச்சுழியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் கையில் மனுவோடு அவரும் நின்றிருப்பார். ரோடு வந்தது, பின்னாலேயே பஸ் வந்தது. முதல் நாள் பஸ்ஸுக்கு மாலை போட்டு, டிரைவருக்குத் துண்டு போர்த்தினார்களாம்.

ரோடு வந்தபிறகு ஊரின் ஒரு வழக்கமும் மாறியது. முன்பெல்லாம் அறுத்த குதிரைவாலிக் கதிரைக் களத்தில் போட்டு மாடு கட்டி மிதிக்க விடுவார்கள். இப்போது கதிரை ரோட்டில் பரப்பிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்கள். பஸ்ஸும் டிராக்டரும் ஏறி இறங்கினால் தானியம் உதிர்ந்துவிடும். வைக்கோலை அள்ளிப் போராகக் குவித்த படப்பில் ஏற்றிவிடலாம். நம் பக்கத்தில் எங்கும் நடக்கிறதுதான், நீங்களும் அந்த வைக்கோலில் பைக் சறுக்கி விழுந்திருப்பீர்கள். இந்த ஊரில் ரோடு ஒரு வளைவில் நன்றாக அகலமாக இருந்தது. ஊர் முழுக்க அங்கேதான் கதிரடித்தது.

அந்த வருடம் கோடையின் தொடக்கத்தில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட அந்த ஊருக்குப் போனேன். வேலை முடிந்ததும் பஞ்சவர்ணம் விடவில்லை. "எங்க வீட்டுச் செவலைய ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க டாக்டரம்மா. சென மாடு. முன்ன மாதிரி தீனி எடுக்க மாட்டேங்குது" என்றார். கூடவே வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் சிரித்தார். "தீனி எடுக்காத மாடா அது? அலைதாடியப் பாருங்க, தளதளன்னு எறங்கிக் கெடக்கு. பிரசிடெண்டு வீட்டு மாடுன்னா சும்மாவா?"

கழுத்துக்குக் கீழே தொங்கும் சதையைத்தான் அலைதாடி என்கிறோம். நம் பக்கத்துச் சந்தையில் அது நல்லா இறங்கியிருந்தால் மாட்டுக்கு லட்சணம். தரகர்கள் அதைத் தடவிக் காட்டித்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். அதனால் செவலையின் அலைதாடி பெருக்கப் பெருக்க ஊரே மெச்சிக்கொண்டிருந்தது. ஒருவரும் வஞ்சகமாகச் சொல்லவில்லை.

நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

செம்பு வாயில் இருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. முன்னங்கால் முட்டிகளை உடம்போடு ஒட்டாமல் வெளியே அகட்டி நின்றது. கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. கொட்டகையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போக ஒரு சின்னச் சரிவு. அந்தச் சரிவில் இறங்க யோசித்து யோசித்து நின்றது. அலைதாடியில் இருந்தது சதையில்லை, நீர். இதயம் ஓட்ட முடியாத ரத்தம் தேங்கித் தேங்கி நீராக இறங்கிய வீக்கம். அதைப் பார்த்து நாலு பேர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு மட்டும் தெரிகிறது. இந்த வேலையில் நான் மிகவும் வெறுத்த நிமிடங்கள் இவைதான். தண்ணீர் தீர்ந்த பிறகும் செம்பை வாயிலேயே வைத்திருந்தேன்.

பிறகு செய்ததெல்லாம் உறுதிப்படுத்த மட்டும்தான். மூங்கில் கழியை மாட்டின் நெஞ்சுக்குக் கீழே கொடுத்து, இந்தப் பக்கம் காளிமுத்துவும் அந்தப் பக்கம் பெரியவருமாக மெதுவாகத் தூக்கச் சொன்னேன். உள்ளே குத்தல் இருந்தால் அப்போது மாடு முனகும். செவலை முனகியது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இதயத் துடிப்பு எங்கோ தூரத்தில் கேட்டது. அதன்மேல், இடுப்பில் வைத்த குடம் நடக்கும்போது தளும்புவதைப் போல ஒரு சத்தம். ஆட்களை அனுப்பிவிட்டுக் கணவன் மனைவி இருவரையும் உள்ளே கூப்பிட்டேன்.

"தீனியோட சேந்து ஒரு கம்பிய முழுங்கியிருக்கு" என்றேன். "மாடு மென்னு பாத்தா தின்னுது? அப்படியே முழுங்கிடும். முழுங்குன கம்பி ரெண்டாவது இரைப்பையில போய் உக்காந்துக்கும். அதுக்கு அடுத்தாப்லதான் நெஞ்சு, நடுவுல ஒரு சவ்வு மட்டும்தான். வயித்துல கன்னுக்குட்டி வளர வளர எல்லாத்தையும் முன்னால தள்ளும். கம்பி, நெஞ்சச் சுத்தியிருக்குற பைக்குள்ள குத்திருச்சு. அங்க சீழ் கட்டியிருக்கு."

"ஆபரேசன் பண்ணி எடுத்துர முடியாதா?"

"இரைப்பையில இருக்கறப்ப முடியும். நெஞ்சுக்குப் போனப்புறம் முடியாது பஞ்சவர்ணம். பொழைக்காது."

காளிமுத்து சுவரைப் பார்த்தபடி பேசினார். "லாரிக்காரன் நாளைக்கு வாரான். நடக்குற மாடா இருக்கையில ஏத்திவிட்டுருவோம். படுத்துருச்சுன்னா அதுவும் இல்ல."

அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைக்காதீர்கள். மழையில்லாத வருடத்தில் அந்த வீட்டில் வேறு பிடிமானம் கிடையாது. ஆனால் பஞ்சவர்ணம் அடிமாட்டு லாரி என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. "வயித்துல கன்ன வச்சுக்கிட்டு லாரில நிக்குமா அது? கன்னையாச்சும் காப்பாத்திக் குடுங்க டாக்டரம்மா" என்றார். கன்றுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் நாள் இருந்தது. அவ்வளவு காலம் தாய் தாங்காது. சீழை வடித்து வடித்துத் தாயை இழுத்துப் பிடிப்பது, கன்று வெளியே வந்தால் மூச்சு விடும் என்கிற நிலை வந்ததும் ஊசி போட்டு முன்கூட்டியே ஈன வைப்பது. இதைத்தான் செய்யலாம் என்றேன். மாட்டுக்கு இது இன்னும் கொஞ்ச நாள் வேதனை என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"எங்க வீட்டுல கம்பியே கெடையாதே" என்று பஞ்சவர்ணம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பழுதாகிக் கிடந்த ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக் காளிமுத்து தூக்கி வந்தார். அதன் பின்னாலிருந்த காந்தத்தைக் கழற்றி, படப்பிலிருந்து வைக்கோலை உருவிப் பரப்பி, மேலே தடவினோம். முதல் தடவலில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் மூன்று துண்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தன. விரல் நீளக் கம்பி, நெருப்பில் வெந்து கறுத்தது, இரண்டு முனையும் ஊசி.

எனக்கு அது என்ன கம்பி என்று தெரியவில்லை. பஞ்சவர்ணத்துக்குத் தெரிந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். படப்பின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது டயர்க் கம்பி" என்றார். "ரோடு போடையில வளைவுலதான் தார் டின்ன வச்சுக் காச்சுனாக. வெறகு பத்தலன்னு பழைய லாரி டயரப் போட்டு எரிச்சாக. நான்தான் பக்கத்துல நின்னு அவுகளுக்கு மோரு ஊத்திக்கிட்டு இருந்தேன்."

டயரின் விளிம்புக்குள் கம்பி ஓடும். ரப்பர் எரிந்துபோனாலும் கம்பி கிடக்கும். வெந்த கம்பி மிதிபட்டால் பொடிப்பொடியாக ஒடியும். அந்த இடத்தில்தான் ஊர் முழுக்கக் கதிரைப் பரப்பியது, பஸ் மிதித்தது, வைக்கோலோடு கம்பியையும் சேர்த்து அள்ளி வீட்டுக்கு வீடு படப்பு ஏற்றியது. அப்படியானால் இது செவலையோடு முடிகிற விஷயம் இல்லை. ஊரில் இருந்த மாடுகள் எல்லாம் அன்று காலையிலும் அந்த வைக்கோலைத்தான் தின்றுகொண்டிருந்தன.

நான் எழுந்தேன். பஞ்சவர்ணம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளிய சொல்லாதீக டாக்டரம்மா. ரோடுதான் மாட்டக் கொன்னுச்சும்பாரு கடைக்காரரு. இனிமே எந்தப் பொம்பளையும் இந்த ஊர்ல ஒண்ணும் கேக்க முடியாது."

இளையவர்களே, நமக்குப் பாடத்தில் நோயைப் பற்றிச் சொல்லித் தருகிறார்கள். இந்த மாதிரிக் கையை என்ன செய்வது என்று சொல்லித் தருவதில்லை. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படித்தான் நடக்கும். ஒரு பெண் அரசாங்க வேலையில் அந்தப் பக்கத்து ஊர்களில் நடமாடினால் என்னென்ன பேச்சு வரும் என்று எனக்கும் தெரியும். எனக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "மத்த வீட்டு மாடு இப்ப தின்னுக்கிட்டு இருக்கு. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "நானே சொல்லுதேன்" என்றார்.

சொன்னார். ஆனால் எப்படிச் சொன்னார் என்பது அடுத்த தடவை போனபோதுதான் தெரிந்தது. வீடு வீடாகப் போய், "வைக்கோல்ல பூஞ்சை புடிச்சிருக்காம், டாக்டரம்மா போடக் கூடாதுன்னாக" என்றிருக்கிறார். நல்ல பொன்னிறமான வைக்கோல். கையில் எடுத்தால் மணக்கிறது. வறட்சியில் அதை யார் எடுத்து எறிவார்கள்? சிலர் ஒருநாள் நிறுத்திவிட்டு மறுநாள் போட்டார்கள். கடைக்காரர், "டாக்டரம்மாவுக்கும் காளிமுத்து சம்சாரத்துக்கும் பொழுது போகல" என்றாராம். அதைக் கேட்டதும் நானே ஊர் நடுவில் நின்று கத்திவிடலாமா என்று தோன்றியது. ஆனால் கம்பி என்று நான் சொன்னாலும் கையில் இருந்தவை மூன்றே துண்டுகள். அவை தங்கள் படப்பிலும் கிடக்கின்றன என்று நம்புவதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் தனியாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். படப்பு அப்படியேதான் இருந்தது.

இதற்கு நடுவில் செவலையைப் பார்க்க வேண்டும். இடது முன்னங்காலை முன்னுக்கு இழுத்துக் கட்டி, விலாவுக்கு நடுவே நீளமான ஊசியை ஏற்றி, நெஞ்சுப் பையிலிருந்த சீழை வடித்தேன். எப்படி என்பது உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, அதை விடுங்கள். நாற்றம் தாங்காமல் காளிமுத்து வெளியே ஓடிவிட்டார். பஞ்சவர்ணம் மாட்டின் முகத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். வடிந்து முடிந்ததும் செவலை ஒரு நீளமான மூச்சு விட்டது. சாயங்காலம் தீனி தின்றது. காளிமுத்துவுக்கு முகமே மலர்ந்துவிட்டது. "நல்லாயிருச்சு போல டாக்டரம்மா" என்றார். நல்லாகவில்லை, மறுபடி கட்டும் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. நம்பிக்கையைக் கொடுத்த கையாலேயே பிடுங்குவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும், அதற்குப் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சொன்னபடியே மறுபடி கட்டியது. மறுபடி வடித்தேன். ஒவ்வொரு தடவையும் பலன் குறைந்துகொண்டே வந்தது. இப்போது எப்போது ஈன வைப்பது என்ற கேள்வி வந்து நின்றது. சீக்கிரம் வைத்தால் கன்றுக்கு நுரையீரல் முதிர்ந்திருக்காது. தாமதித்தால் தாய் வயிற்றோடு போய்விடும். பஞ்சவர்ணம் எல்லோரும் கேட்பதைக் கேட்டார். "உங்க மாடா இருந்தா என்ன செய்வீக?"

உங்களிடமும் கேட்பார்கள். இதற்கு எந்தப் பதில் சொன்னாலும் முடிவு உங்கள் தலையில் வந்து விழும். நான், "தெரியல பஞ்சவர்ணம். இன்னும் ஒரு வாரம் தாங்கும்னு நெனைக்கிறேன். நெனப்புதான்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் செவலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ஒரு வாரம் பாப்போம்" என்றார். அந்த வாரம் முழுக்க நான் பயந்து பயந்துதான் அந்த ஊர் பஸ்ஸில் ஏறினேன். போகும்போதெல்லாம் வளைவு வரும். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

வாரம் முடிந்ததும் ஊசி போட்டேன், மறுநாள் மத்தியானம் ஈன்றது. கிடாரிக் கன்று. ஒரு முயலளவுக்குத்தான் தெம்பு இருந்தது, ஆனால் மூச்சு விட்டது. செவலை தள்ளாடி எழுந்து நின்று நக்கிக் கொடுத்தது. சீம்பாலைக் கறந்து கன்றுக்குப் புகட்டினோம். அடுத்த இரண்டு நாளும் கொஞ்சம் கொஞ்சம் சுரந்தது. மூன்றாம் நாள் காலை நான் போய்ச் சேரும்போது செவலை செத்துக் கிடந்தது.

நம் பக்கத்தில் வீட்டுப் பசு செத்தால் மஞ்சள் குங்குமம் வைத்து, கோடித்துணி போர்த்தி, குழி வெட்டிப் புதைப்பார்கள். யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். கண்மாய்க் கரையோரம் சீமைக்கருவேலத்தை வெட்டி ஒதுக்கிக் குழியும் தயாராகிவிட்டது. ஊர் கூடியிருந்தது, கடைக்காரரும் வந்திருந்தார். குங்குமம் வைத்து முடித்த பஞ்சவர்ணம் என் பக்கம் திரும்பினார்.

"அறுத்துப் பாருங்க டாக்டரம்மா."

காளிமுத்து முதல் தடவையாகச் சத்தம் போட்டார். "ஏய், வீட்டு லச்சுமிய அறுக்கச் சொல்லுறியா? புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?"

"நீங்க சும்மா இருங்க. அறுங்க டாக்டரம்மா. எல்லாரும் பாக்கட்டும்."

அவர் எதற்காகச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் தயங்கினேன். ஏனென்றால் இந்த நோயில் செத்த மாட்டை அறுத்தால் கம்பி கிடைத்தே தீரும் என்று சட்டம் இல்லை. குத்திவிட்டு இரைப்பைக்கே திரும்பி விழுந்திருக்கும். அரித்து ஒன்றுமில்லாமல் போயிருக்கும். கிடைக்காவிட்டால், பொட்டு வைத்த பசுவைக் கூறு போட்ட பாவம் ஒரு பக்கம், கடைக்காரரின் சிரிப்பு மறுபக்கம். இதை அவர் காதருகே சொன்னேன். "அறுங்க" என்று மட்டும் சொன்னார்.

அறுத்தேன். நெஞ்சுப் பை விரல் கனத்துக்குத் தடித்திருந்தது. உள்ளே கைவிட்டுத் துழாவினேன். கட்டியும் சீழும்தான் தட்டுப்பட்டன. இரைப்பையைத் திறந்து அதன் மடிப்புகளில் தேடினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு தொடங்கியது. மூக்கைத் துண்டால் பொத்தியபடி கடைக்காரர், "என்னத்தத் தேடுறாக இவுக? பூஞ்சையவா?" என்றார். சிலர் சிரித்தார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று கையை விட்டுக்கொண்டே இருந்தேன்.

பஞ்சவர்ணம் அப்போது பேசினார்.

"கெடைச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி, நான் சொல்லிருதேன். பூஞ்சைன்னு சொன்னது பொய்யி. வைக்கோல்ல கம்பி கெடக்கு. ரோடு போடையில வளைவுல டயர எரிச்சாகல்ல, அந்தக் கம்பி. அதத்தான் நம்ம கதிரோட அள்ளியாந்துட்டோம். எம் மாடு அதத் தின்னுதான் செத்துச்சு. எல்லார் படப்புலயும் இருக்கு. ரோட்டக் கொண்டாந்தவ நான். அத மறைச்சவளும் நான். இன்னிக்கே படப்பப் பிரிச்சுப் பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. நான் தேடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி கிடைப்பதற்கு முன்பே, தனக்கு எதிராகத் தானே அப்படி ஒருவர் நின்று நான் பார்த்ததில்லை. பிறகு மறுபடி குனிந்து, நெஞ்சுப் பைக்கும் இரைப்பைக்கும் நடுவே சவ்வு ஒட்டிப்போயிருந்த இடத்தை விரல் விரலாக அழுத்திக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் சுருக்கென்று கையுறையைக் குத்தியது. உருவினேன். கறுத்த கம்பி. தண்ணீரில் கழுவி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் கடைக்காரரிடம் நீட்டினார். கடைக்காரர் வீட்டிலும் இரண்டு சினை மாடுகள் நின்றிருந்தன. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, கூட்டம் கலைவதற்கு முன்பே வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

அந்த வாரம் ஊரில் இருந்த பழைய ஸ்பீக்கர் எல்லாம் பிரிக்கப்பட்டது. போதாமல் மல்லாங்கிணறு ஊரில் மைக்செட் கடைக்காரரிடம் போய்க் காந்தம் வாங்கி வந்தார்கள். தெருவெல்லாம் வைக்கோலைப் பரப்பித் தடவினார்கள். இன்னும் ஒரு மாட்டுக்கு நோய் தொடங்கியிருந்தது, கம்பி இரைப்பையைத் தாண்டவில்லை. அறுவை செய்து எடுத்தேன், பிழைத்துக்கொண்டது. அது இதய நோய்க் கணக்கில் வராது, அதற்கு முந்தின வாசலிலேயே தடுத்தது.

பஞ்சவர்ணம் பயந்தது பயந்தபடியே நடந்தது. ஊர் அவருக்குக் "கம்பி பிரசிடெண்டு" என்று பெயர் வைத்துவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூட முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொல்லிச் சிரித்தன. ரோட்டுக்காகப் படியேறிய வருடங்களையெல்லாம் அந்த ஒரு பெயர் தின்றுவிட்டது. எனக்கு ஆறவே இல்லை. கொஞ்ச நாளில் எனக்குக் காரியாபட்டிப் பக்கம் மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் கன்றுக்குப் புட்டியில் பால் புகட்டிக்கொண்டிருந்தார். "போயிட்டு வாரேன்" என்றேன். "வாங்க" என்றார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த தை மாதம் திருச்சுழிக்கு ஒரு வேலையாகப் போனவள், பாதி மனதோடுதான் அந்த ஊர் பஸ்ஸில் ஏறினேன். வளைவில் மறுபடி கதிர் அடிக்கிறார்கள் என்றால் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். வளைவுக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், ரோட்டோரத்தில் அறுத்த கதிர் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. அடப்பாவிகளா என்று எனக்கு வாய்விட்டே வந்துவிட்டது. இவ்வளவு நடந்தும் ரோட்டை விட மனம் வரவில்லை இவர்களுக்கு.

பிறகுதான் கவனித்தேன். கதிரை இன்னும் யாரும் பரப்பவில்லை. வெறும் தார் ரோட்டில் பஞ்சவர்ணம் கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தார். கயிற்றின் முனையில் மரப்பலகை, பலகைக்கு அடியில் வரிசையாகக் காந்தங்கள். வளைவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போவதும் வருவதுமாக இருந்தார். ஊர் ஓரத்தில் காத்துக்கொண்டு நின்றது. கடைக்காரரும் தன் கதிர்க்கட்டின் மேல் உட்கார்ந்து காத்திருந்தார். பஞ்சவர்ணம் பலகையைப் புரட்டி, ஒட்டியதை விரலால் வழித்து ஒரு டப்பாவில் போட்டார். மறுபடி இழுத்தார். புரட்டிப் பார்த்தார். தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் பெண்கள் கதிரை அள்ளிப் பரப்ப ஆரம்பித்தார்கள்.

பஸ் இன்னும் நகரவில்லை. என் பக்கத்திலிருந்தவர் பொறுக்க முடியாமல், "ஏம்ப்பா, எடுக்க வேண்டியதுதான வண்டிய?" என்று கண்டக்டரிடம் கேட்டார்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இருங்கண்ணே. கம்பி பிரசிடெண்டு கை காட்டணும். அவுக காட்டாம இந்த எடத்துல எந்த டிரைவரும் வண்டிய ஏத்த மாட்டாரு."

பஞ்சவர்ணம் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்று, டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார்.